பரீட்சைக்கு ஒரு வாய்

முப்பது வயதைத் தாண்டிய ஒருத்தியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற வீடு எப்படிப்பட்ட வீடாக இருக்கும்? அன்பான வீடாகத்தான் இருக்கும். அதுதான் பாப்பாவுக்கு வந்த வினை. கொடுமைக்கார வீடென்றால் ஒரு நாள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விடலாம். அப்பா அம்மா போனபிறகு தூக்கிக்கொண்டு வந்து, சொந்தப் பிள்ளையாகவே வளர்த்த மாமாவையும் அத்தையையும் விட்டு எங்கே போவது?

கீழே சலவைக் கடை, மேலே வீடு, நடுவில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. பாப்பா காலையில் அந்தப் படியில் இறங்கி நீராவி இஸ்திரி முன்னால் நிற்பாள். கடை மூடியதும் அதே படியில் ஏறுவாள். அவள் படுக்கைக்கும் அவர்கள் படுக்கைக்கும் நடுவே வெறும் திரைச்சீலை. இவள் பெருமூச்சு விட்டால் போதும், "என்னடி, தூக்கம் வரலையா?" என்று அத்தையின் குரல் வரும். பெருமூச்சைக்கூட நிம்மதியாக விட முடியாது, போங்கள்.

சமுதாயக் கல்லூரிக்காரர்கள் பேருந்து முதுகிலெல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். 'வேலை உங்களைத் தேடி வரும் படிப்புகள்' என்று. எக்ஸ்ரே எடுக்க, லிஃப்ட் பழுது பார்க்க, ரத்தம் சோதிக்க, பல் சுத்தம் செய்ய, எல்லாவற்றுக்கும் இரண்டு வருஷப் பட்டயம் உண்டு. பாப்பா பல்லைப் பிடித்தாள். வெளியூர் பல் மருத்துவமனை ஒன்று, பாஸ் ஆனதும் வந்து சேரச் சொல்லிவிட்டது. மாடியில் தங்க ஓர் அறையும் உண்டு. அந்த அறையின் படத்தை அனுப்பியிருந்தார்கள். கட்டிலையோ ஜன்னலையோ அவள் பார்க்கவில்லை. கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

வகுப்பு, எழுத்துத் தேர்வு எல்லாம் ஒரு வழியாக முடிந்தன. கடைசியில் நின்றது செய்முறைத் தேர்வு. தேர்வாளர் முன்னால் ஓர் ஆளின் பல்லைச் சுத்தம் செய்து காட்ட வேண்டும். அதில்தான் கூத்து. பரீட்சை எழுத வேண்டிய வாயை மாணவிதான் கொண்டுவர வேண்டும். ஏதோ ஒரு வாய் போதாது. பல்லின் அடியில் அழுக்கு கல்லாக இறுகியிருக்க வேண்டும். அதைக் காரை என்பார்கள். காரை குறைந்த வாய் வந்தால் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு அடுத்த வருஷம்தான்.

வகுப்பு மொத்தமும் ஊரெல்லாம் அழுக்குப் பல் தேடி அலைந்தது. சட்டை வாங்க வந்தவர் சிரித்தால், பாப்பாவின் கண் அவர் கீழ்வரிசைப் பல்லுக்குத்தான் போகும். ஆனால் "ஐயா, உங்க வாய் நாறிக் கிடக்கு, வர்றீங்களா?" என்று யாரிடம் கேட்பது? கடைசியில் புதையல் வீட்டிலேயே இருந்தது. மாமா! ஓயாத டீ, அதன் பின்னாலேயே சிகரெட், பல் மருத்துவர் முகத்தில் ஒரு நாளும் விழிக்காத வைராக்கியம். முன்பரிசோதனையில் அவர் வாயைப் பார்த்த ஆசிரியை கையைத் தட்டாத குறைதான்.

"எங்கேருந்து புடிச்சே இவரை? பொக்கிஷமா பாத்துக்கோ. பரீட்சை முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் அந்த அம்மாள்.

பாப்பாவும் அதைத் திரும்பும் வழியிலேயே மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

பரீட்சை நாள் காலையில் மாமா புதுச் சட்டையோடு நாற்காலியில் சாய்ந்தார். பாப்பா விளக்கைத் திருப்பினாள். "ஆ காட்டுங்க மாமா." காட்டினார். அடேயப்பா! கண்ணாடிக் கடை அலமாரி தோற்றுவிடும். கீழ்வரிசை, மேல்வரிசை, கடைவாய் என்று எங்கே தேடினாலும் ஒரு பொட்டுக் காரை இல்லை.

"மாமா, என்ன இது?"

"உங்க அத்தைதான்…" என்று அவர் கூரையைப் பார்த்தார். "வெளியாளுங்க நாலு பேரு நம்ம வீட்டு வாயைப் பாக்கப்போறாங்க, இந்தக் கோலத்துலயா போவீங்கன்னு நேத்து இழுத்துட்டுப் போய்ட்டா. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டா. நீ பாத்து அசந்து போகணுமாம்."

அத்தை அப்படித்தான். வீடு பெருக்குகிற ஆள் வருவதற்கு முன்னால் தானே பெருக்கி வைத்துவிடுகிற ரகம்.

தேர்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆசிரியைதான் கெஞ்சி, வேறு வாய் கொண்டுவர மதியம் வரை நேரம் வாங்கிக் கொடுத்தார். பாப்பா வெள்ளைக் கோட்டோடு தெருவுக்கு ஓடினாள். உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவரைக் கேட்டாள். அவர் முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கல்லூரி வாயிற்காவலர் மட்டும் நல்ல மனுஷன்.

"அண்ணே, ஒரு உதவி. கொஞ்சம் வாயைத் திறந்து காட்டுங்களேன்."

"அதுக்கென்னம்மா, தாராளமா பாரு" என்றவர், மொத்தப் பல்செட்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்கப்புறம் பேருந்து நிறுத்தம் வரை கேட்டுப் பார்த்தாள். ஒருத்தரும் வரவில்லை. மதியம் வந்தது. பெயரை அடித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் கடை வேனை மாமா மெதுவாக ஓட்டினார். பின்னால் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. சிக்னல் பச்சை ஆன பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

"பாப்பா, அவமேல பழியைப் போட்டுட்டு என்னால இருக்க முடியல" என்றார். "அவளுக்கு இந்தக் காரை சங்கதியே தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பா. நான்தான் சொல்லல."

"ஏன் மாமா?"

"நீ போயிட்டா நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கணும். பயமா இருந்துச்சு." கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்னைத் திட்டு, நாலு அறை அறை. ஆனா அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதே. தான்தான் கெடுத்தோம்னு தெரிஞ்சா அவ உடைஞ்சு போயிடுவா."

திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. கதவைத் திறந்து நடுரோட்டில் இறங்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. பாவி மனுஷா, இந்த ஒன்றைத்தானே உன்னிடம் கேட்டேன் என்று மனசுக்குள் கத்தினாள். பக்கத்தில் கிழவர் மூக்கை உறிஞ்சினார். எடுத்து வளர்த்த கைதானே. அவள் அந்தக் கையைத் தொடவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை.

அத்தை கடை வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி, பல்லு பளபளன்னு இருந்துச்சுல்ல? அசந்து போயிருப்பாங்களே!"

மாமா வேனிலிருந்து இறங்காமலேயே பாப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஆமா அத்தை, அசந்துதான் போனாங்க" என்றாள் பாப்பா. "ஆனா நான்தான் சரியா செய்யல. அடுத்த வருஷம் திரும்ப எழுதணுமாம்."

அத்தையின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே பாப்பாவின் கன்னத்தைத் தடவி, தன் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். இறுக்கமான அணைப்பு. மூச்சு முட்டியது.

"போகட்டும் விடு. இதுக்கெல்லாம் அழுவாங்களா? நான் எதுக்கு இருக்கேன்? இனிமே மாசம் தவறாம இவரைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்தம் பண்ணிடறேன். அடுத்த வருஷம் பாரு, இவரு வாயில ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது."