ஜூலியின் நடை

கோவிந்தம்மாள் செல்போனைத் தூக்கிப் பிடித்ததுதான் தாமதம், ஜூலி முன்னங்காலை மடக்கி ஆட ஆரம்பித்துவிட்டது. மாகறல் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமந்த குதிரை அது. சுற்றிலும் போன்கள் உயர்ந்தால் ஆட வேண்டும் என்று பழக்கியவன் அவள் புருஷன் வரதன். பழக்கிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். மேளமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, வெறும் களத்தில் குதிரை மட்டும் ஆடியது.

"அடச்சீ, உன் ஆட்டத்த யாரு கேட்டா? சும்மா நடடி."

கொஞ்ச நாளாக அதன் நடை சரியில்லை. எந்தக் கால் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உத்திரமேரூர் மாட்டு டாக்டர், பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். கொழுந்தன் பாண்டுரங்கனோ, "கால் போச்சின்னா அத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்கோ அண்ணி? நானே ஓட்டிக்கினு போயி யாருக்கானா குட்த்துர்றேன்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாய்விட்டுப் பேச அந்த வீட்டில் இருந்தது ஜூலி ஒன்றுதான். அது பதில் சொல்லாததை அவள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

போனைக் கையில் பிடித்தால்தானே ஆடுகிறது? வைக்கோல் போரில் அதைச் செருகிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே கூட நடந்தாள். அனுப்புவதற்கு முன் போட்டுப் பார்த்தபோது குதிரைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கிழவி போனாள். அது தான்தான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவளை யாரும் படம் எடுத்தே வெகுநாளாகியிருந்தது. புடவையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருக்கலாம் என்று வெட்கமாக இருந்தது.

டாக்டர் போன் செய்தார்.

"அது உங்க நடைக்கு நடக்குதும்மா. உங்க முட்டி இழுக்குது, நீங்க தாங்கித் தாங்கிப் போறீங்க. அதுவும் உங்கள பாத்துக்கினே அப்டியே போவுது. இத வெச்சி கால்ல கோளாறா இல்லையான்னு சொல்ல முடியாது. வேற யாரையாவது கயித்தப் புடிச்சிக்கினு நடக்கச் சொல்லுங்க."

"சரி சார்."

"வூட்ல ஆளுங்க கீறாங்க இல்ல?"

"கீறாங்கோ சார்."

பொய் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார்கள், மீதிப் பேர் நூறு நாள் வேலையில். பாண்டுரங்கனைக் கூப்பிடலாம். ஆனால் அவன் கையில் கயிற்றைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.

மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு மறுபடியும் போனைச் செருகினாள். கயிற்றை ஜூலியின் கழுத்திலேயே சுற்றி, "போ, நீயா போ" என்று முதுகில் தட்டிவிட்டு, போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். குளம்புச் சத்தம் கேட்கும் என்று வெகுநேரம் காத்திருந்தாள்.

பிறகு எடுத்துப் பார்த்தாள். நடுக்களத்தில் ஜூலி ஓர் எட்டுகூட வைக்காமல், அவள் மறைந்த பக்கத்தையே பார்த்தபடி நின்றிருந்தது.