வலைப்பாட்டுக்கு ஓடிய கால்கள்

கதிரவன் மேற்றிசையில் சாய, கீழ்க்கடலின் ஈரக்காற்று நேர்நேரான தெருக்களைக் கடந்து புதுவை நகரின் விளையாட்டரங்கில் வந்து நிறைந்த அம்மாலைப் பொழுதில், பன்னாட்டு வீரர் கூடிய நெடுந்தொலை ஓட்டத்தைக் காண, படகுகளைக் கரையேற்றிவிட்டு வைத்திக்குப்பமே திரண்டு வந்திருந்தது. தம் குப்பத்துப் பலராமன் முதல் மூவருள் ஒருவனாய் வந்து பதக்கம் பெறவேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. அவனுக்கோ பிறந்த மண்ணில் வாய்த்த முதல் வாய்ப்பு அது. அகவையை எண்ணின் இறுதி வாய்ப்பும் அதுவே.

முன்னே ஓடுவோரின் நிழலை மிதித்தவாறு, மூச்சைச் சேமித்து, அழகாகத்தான் ஓடிக்கொண்டிருந்தான். பாதித் தொலைவு தாண்டியதும் குப்பத்தாருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. மீன் திரளும் பையாகிய வலையின் மடி கரையைத் தொடும் வேளையில் மட்டுமே பாடும் விரைவுப் பாட்டை, கைதட்டி, ஒரே குரலில் எடுத்துவிட்டார்கள். சிறுவயது முதல் அப்பாட்டுக்கு வடம் இழுத்துப் பழகிய உடம்பு அல்லவா! அறிவு தடுக்குமுன் கால்கள் பணிந்தன. அனைவரையும் முந்திப் பாய்ந்தான். அயல்நாட்டார் பதறாமல் தம் நடையிலேயே வந்தனர். சற்றைக்கெல்லாம் அவன் நெஞ்சு எரிந்தது; மூவர் ஒருவர்பின் ஒருவராக அவனைக் கடந்து போயினர்.

கடற்கரையில் மீன் விற்கும் அவன் தமக்கை தனக்கொடிக்குத்தான் பிழை முதலில் விளங்கியது. பார்வையாளர் வரிசையின்கீழ் அவன் தள்ளாடி வருகையில் அவள் குரல் கேட்டது.

“நிறுத்துங்க. மடி இன்னும் ஆழத்துல கெடக்குது. அதுக்குள்ள என்னா அவசரம்?”

பாட்டு அறுந்தது. கனத்த வலையை ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல இழுக்கும்போது பாடும் பாட்டை அவள் தனியாகத் தொடங்கினாள். பிறகு குப்பமே சேர்ந்துகொண்டது. ஒவ்வோர் இழுப்புக்கும் ஓரடி என அவன் கால் வைத்தான். போன மூச்சு திரும்பியது. இறுதிச் சுற்றுக்கு மணி ஒலித்ததும், யாரும் சொல்லாமலே விரைவுப் பாட்டு மீண்டும் எழுந்தது. இப்போது மடி உண்மையிலேயே கரையருகில் இருந்தது. எல்லைக்கோட்டில் மார்பை முன்தள்ளி ஒருவனைக் கடந்து, மூன்றாமவனாய் வீழ்ந்தான்.

வெண்கலம் அணிந்து வந்தவனைக் கண்டு தனக்கொடி அழுதாள். “நாங்க கெடுக்கலன்னா தங்கமே வந்திருக்கும்டா, தம்பி.”

“நீங்க இழுத்துதான்க்கா நான் கரைக்கே வந்தேன்,” என்றான்.

வெற்றி ஒருவனின் கால்களில் மட்டும் விளைவதன்று என்பதை அவன் அறிந்திருந்தான். பதக்கத்தைக் கழற்றி அவள் கழுத்தில் இட்டான். அதில் மீன்வாடை ஏறியது.