இருபது வருஷப் பூச்சு

சவப்பெட்டியில் கிடந்த அர்ச்சுனனின் நெற்றியில் பேச்சியம்மாள் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது, அவருடைய கைப்பேசி அவள் இடுப்பில் அதிர்ந்தது. நேற்று சாயங்காலம் சோபாவில் சாய்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே போனதிலிருந்து, கணவரின் போனை அவள்தான் செருகி வைத்திருந்தாள்.

“எடுக்காதீங்க அண்ணி. இப்ப என்ன போனு?” என்றாள் நாத்தனார் வெள்ளையம்மா.

அவள் எடுத்தாள்.

“அண்ணே, பட்டறையிலேருந்து மனோகரன் பேசுறேன். மணல் அடிச்சு பழைய பெயிண்டெல்லாம் எடுத்தாச்சு. மோட்டர்சைக்கிள் பிரேம் வெறும் இரும்பா நிக்குது. இந்த மழைக்கு ராத்திரிக்குள்ள துரு பூத்துரும். நீங்க சொன்ன மாதிரி ஸ்ப்ரே அடிச்சிரட்டுமா?”

“நான் அக்கா பேசுறேன்ப்பா. அண்ணன் நேத்து சாயங்காலம் போயிட்டாரு. ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க.”



“அலமாக்… ஐயோ, நேத்து காலையில நல்லாத்தானக்கா இருந்தாரு. பிரேமக் குடுத்துட்டு, எனக்குக் கடையில ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. நான் வைக்கிறேன்கா. மோட்டர அப்புறம் பாத்துக்கலாம்.”

“இருப்பா. ஸ்ப்ரேன்னா சொன்னாரு? பவுடர்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தாரு?”

ஒரு மாதமாகச் சோற்றுத் தட்டின் முன்னால் அதே பேச்சுதான். “ஸ்ப்ரேன்னா கல்லு பட்டா உரிஞ்சிரும் பேச்சி. பவுடர் கோட்டிங்னா ஓவன்ல வெச்சு வாட்டி எடுப்பாங்க. கடல்காத்து ஏறாது, மழை ஏறாது. இருபது வருஷத்துக்குக் கவல இல்ல லா.” அவளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முந்தாநாள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “உங்களுக்கு அறுவத்தெட்டு. இருபது வருஷத்துக்கு அத யாரு ஓட்டுறது?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வழக்கத்துக்கு மாறாகத் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவள் கையெல்லாம் செதில், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஆமாக்கா, எப்பவும் பவுடர்தான்” என்றான் மனோகரன். “கறுப்புன்னு கலர்கூட பாத்து வெச்சிட்டாரு. நேத்துதான் வந்து, ஸ்ப்ரே போதும்ப்பான்னாரு. ஏண்ணே, என்னாச்சுன்னு கேட்டேன். ‘எனக்கு அறுவத்தெட்டு, இருபது வருஷத்துக்கு அத யாருப்பா ஓட்டுறது’ன்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு.”

பேச்சியம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரலில் இருந்த திருநீறு அவர் வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது. வெள்ளையம்மா குனிந்து தட்டிவிட்டாள்.

“பவுடரே போடு.”

“அக்கா, அண்ணன் வாயால ஸ்ப்ரேன்னு…”

“அது அண்ணன் பேச்சு இல்ல. நான் பேசுனது. பவுடர் போடுப்பா. இன்னிக்கே போடு.”

மகன் திருச்செல்வம் மாலையும் கையுமாக வந்து நின்றான். “அம்மா! அப்பா இங்க படுத்திருக்காரு, நீங்க மோட்டருக்குப் பெயிண்டு பாக்குறீங்களா? எனக்குக் கார் இருக்கு. இனிமே அத யாரு ஓட்டப் போறா?”

“அத மட்டும் கேக்காதடா, சாமி” என்றாள். அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான். அத்தைக்கும் புரியவில்லை.

ரெண்டு மணிக்கு எடுத்தார்கள். உறுமி மேளம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது, பிறகு மழைதான். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பேச்சியம்மாளுக்குத் தலைக்கு ஊற்றி, வேறு சேலை கட்டி, வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆண்கள் இன்னும் சுடலையிலிருந்து திரும்பவில்லை.

மனோகரன் கூப்பிட்டான். “இப்பத்தான்கா ஓவன்லேருந்து எடுத்தேன். கொதிக்குது, கிட்டப் போக முடியல. ஆறுனதும் ஒரு போட்டோ அனுப்புறேன்.”

“நல்லா ஏறியிருக்கா?”

“முகம் பாக்கலாம்கா.”

“எவ்வளவு நாளு வரும்ப்பா?”



“நல்லா வரும்கா” என்றான்.

மழை விட்டிருந்தது. கூடாரம் போட்டவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார். அவருடைய லாரி எஞ்சின் அணையாமல் தெருவில் நின்றது. எல்லாம் முடிந்து அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் பாக்கி. அவர் பக்கத்தில் வந்து, எழுந்திருக்கச் சொல்ல வாய் வராமல் நின்றார். அப்புறம் லாரிக்குப் போய் எஞ்சினை அணைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்தார்.