மூன்றாம் ஓலை

திண்டிவனத்து மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரம் கிடையாது. மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சாமியார் உரக்கப் படிப்பார். ‘இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டியது, அறிந்தும் மறைத்தால் பாவம்’ என்று முடிப்பார். ஜனங்கள் இருமுவார்கள், குழந்தையை மடி மாற்றிக்கொள்வார்கள், அடுத்த ஜெபத்துக்கு முழங்காலிடுவார்கள். அவ்வளவுதான்.

1937ஆம் வருஷம் ஐப்பசிக் கடைசியில், பாக்கியசாமிக்கும் அந்தோணிமேரிக்கும் இரண்டாம் ஓலை வாசித்த அன்று, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கீச்சுக்குரல் எழுந்தது.

“சாமி, விக்கினம் இருக்குது.”

அந்தோணிமேரி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் முந்தானை நுனியைப் பிடித்திருந்தவன்தான் எழுந்து நின்றான். அவள் மகன் இருதயராஜ். எட்டு வயது. அந்த வயதுப் பையன்கள் எல்லாம் அப்பன்மாரோடு ஆண்கள் பக்கம் போய்விட்டார்கள். இவனுக்கு அந்தப் பக்கம் உட்கார ஆள் இல்லை. அப்பன் செத்த மூன்று வருஷமாக அம்மா பக்கத்திலேயே இருந்தான்.

கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. பெரியநாயகம் சாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பூசை முடிஞ்சு என் வீட்டுக்கு வா. மூணு பேரும் வாங்க” என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போலப் பூசையைத் தொடர்ந்தார்.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் முழங்கையால் இடித்தாள். “ஏன்டி மேரி, உன் மவன் சாமியாருக்கே ஓலை வாசிச்சுட்டானே!”

சாமியார் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பெரியநாயகம் சாமியார் கறுப்பு நோட்டைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டார். அவருக்குப் புகார் என்றால் புகார்தான்; சொன்னவன் உயரம் அவருக்குப் பொருட்டல்ல.

“சொல்லு. இன்னா விக்கினம்?”

“எங்கம்மா என்னைத்தான் கட்டிக்கிறேன்னு சொல்லிருக்குது சாமி. இவருக்கு முன்னாலயே எனக்குத்தான் சொல்லுச்சு. மறைச்சா சாவான பாவம்னு ஞானோபதேசத்துல நீங்கதான சொன்னீங்க? பாவத்தோட மொத தடவ புதுநன்மை அப்பம் வாங்கக் கூடாதே.”

பாக்கியசாமி துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமினான். சாமியார் ஒரு பார்வை பார்த்ததும் இருமல் நின்றது.

“அந்தோணிமேரி, சொன்னியா?”

“சொன்னேன் சாமி.”

“விளையாட்டுக்கா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. படுக்கும்போதெல்லாம் அவள்தான் கேட்பாள்: பெரியவனானா யாரைக் கட்டிக்குவே? உன்னைத்தான். நெசமா? நெசமா. உலகத்தில் எந்தத் தாய்தான் இதைக் கேட்காமல் இருக்கிறாள்? ஆனால் அவள் கேட்டது சிரிக்க மட்டும்தானா?

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். “தம்பி, சபைச் சட்டத்துல இது விக்கினம் ஆவாது. நீ மறைக்காம சொன்னே, உனக்குப் பாவம் இல்ல. வெளியில போய் நில்லு.” அவன் போனதும் அவளிடம் திரும்பினார். “நீ குடுத்த வாக்க நீதான் திருப்பி வாங்கணும். நானும் வாங்க முடியாது, இவரும் வாங்க முடியாது. அதுக்கப்புறம்தான் மூணாம் ஓலை. அடுத்த ஞாயிறு விட்டா ஆகமன காலம் வந்துடும். அப்புறம் கிறிஸ்மஸ் கழியற வரைக்கும் கல்யாணம் இல்ல.”

கிறிஸ்மஸ் கழியட்டுமே என்று ஒரு கணம் அவள் மனசு லேசானது. அந்த லேசுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்த மனிதனுக்காக எத்தனை சனிக்கிழமை வழி பார்த்திருக்கிறாள்!

பாக்கியசாமி விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. பக்கத்துக் கெடார் கிராமத்துக்காரன். பெண்சாதி செத்து ஆறு வருஷம், பிள்ளை கிடையாது. தங்கையைப் பிரசவத்துக்கு, அந்தோணிமேரி ஆயாவாக இருந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தான். இரண்டு நாள் வெளியே மரத்தடியில் குந்தியிருந்தான். ‘சாப்பிட்டீங்களா?’ என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பதில் சொல்லவே ஒரு வருஷம் எடுத்துக்கொண்டான் என்று பிற்பாடு அவனே சொன்னான்.

அவள் வீட்டில் ஒரு பலாப்பலகை இருந்தது. செத்துப்போன புருஷன் பெரியதம்பி சாப்பிட உட்காரும் பலகை. பேதியில் அவன் போன அன்று ஊரார் பையனைத் தூக்கி, ‘இனிமே நீதான்டா ஊட்டுக்கு ஆம்பள’ என்றார்கள். அவளும் மறுநாளே அந்தப் பலகையை அவனுக்குப் போட்டாள். முதல் சோறு அவனுக்கு. எங்கே போனாலும் அவன் கை அவள் முந்தானையில். தனி மனுஷி என்று பல்லிளித்து வந்தவன்களெல்லாம் அந்தச் சின்னக் கையைப் பார்த்து விலகிப் போனார்கள். போன மாசம் பாக்கியசாமி முதல் முறை சாப்பிட வந்தவன், தெரியாமல் அந்தப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். பையன் சாப்பிடாமல் எழுந்து போனான். பாக்கியசாமி கொண்டுவந்த மல்லாட்டை, தோலோடு வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், பிரிக்காமலே கிடந்தது.

சாமியார் வீட்டிலிருந்து வந்த அன்று சாயங்காலம் மூன்று பேருக்கும் கேப்பைக் களி கிண்டினாள். பலகையைப் போட்டாள். பையன் உட்காரப் போனான்.

“ராஜு, இரு. குந்தாதே.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“உன்னைக் கட்டிக்கிறேன்னு நான் சொன்னது தப்பு. நீ என் புள்ள. அம்மா புள்ளையைக் கட்டிக்க முடியாது. எப்பவும் முடியாது. எனக்கு இவரைக் கட்டிக்க ஆசையா இருக்குது. யாரும் சொல்லி இல்ல. எனக்கே ஆசை.”

ஆசை என்ற சொல்லைத் தனக்காக அவள் அதுவரை உச்சரித்ததே இல்லை. காது மடல் சுட்டது. பாக்கியசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையன் அழுவான், தட்டைத் தூக்கி எறிவான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பயம்.

“அப்ப இவரு பலகையில குந்துவாரா?”

“குந்துவாரு.”

“வாணாம்மா. குந்துனா செத்துடுவாரு.”

“இன்னாடா பேச்சு இது?”

“அப்பாவ நான் நெனச்சேன். அவரு உன் பக்கத்துல படுத்துக்கினு என்னை அந்தாண்ட தள்ளிட்டாரு. இவரு இல்லாம போயிட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். மறுநாளே பேதி வந்துச்சு. பலகை எனக்கு வந்துச்சு.” மூக்கை உறிஞ்சினான். “இவரையும் நெனச்சுட்டேன். அன்னிக்கே.”

அந்தோணிமேரி களிச்சட்டியைக் கீழே வைத்தாள். மூன்று வருஷமாக இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை தினமும் அந்தப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டது? தான் கௌரவம் என்று போட்டது அவனுக்கு முள்ளாக இருந்திருக்கிறதே!

பாக்கியசாமி எழுந்தான். வந்து பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“போடு மேரி, பசிக்குது.” ஒரு வாய் உருட்டிப் போட்டுக்கொண்டு பையனைப் பார்த்தான். “இன்னான்னு நெனச்சே? தைரியமா சொல்லு.”

“ரயிலு... ரயில்ல அடிபட்டு...”

“ம். நல்லா நெனச்சுக்கோ. கோவம் வந்தா நெனக்கத்தான் செய்வாங்க. நெனப்புக்கு அவ்ளோ பலம் இருந்தா, எங்க ஸ்டேஷன் மாஸ்டரை நாங்க பாயிண்ட்ஸ்மேன் எல்லாம் சேந்து எப்பவோ மேல அனுப்பியிருப்போம். குண்டுக்கல்லாட்டம் இருக்கிறாரு.”

பையன் சிரிக்கவில்லை.

“அடுத்த சனிக்கெழம சாயங்கால பாசஞ்சர்ல வர்றேன். நீ வாரம் பூரா நெனச்சுக்கினே இரு. வந்து இதே பலகையில குந்துறேனா இல்லையான்னு பாரு.”

மறுநாள் பிரசவ அறையைக் கழுவிவிட்டு அவள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சென்னையில் படித்த டாக்டரம்மா முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பலகைக் கதை வந்ததும் சிரிப்பு நின்றது.

“ஐரோப்பாவில ஒரு டாக்டர் இதைத்தான் புஸ்தகம் புஸ்தகமா எழுதியிருக்கார், மேரி. ஆண் குழந்தைக்கு அம்மா முழுசா வேணும். அப்பா இடைஞ்சல். அவர் போகட்டும்னு நினைப்பான், நினைச்சதுக்காகப் பயப்படுவான். அப்பா அசையாம அங்கேயே இருப்பார். சரி, அம்மா கிடைக்க மாட்டா, அப்பா மாதிரி ஆகிக்கலாம்னு வெளியில விளையாடப் போயிடுவான். எல்லா வீட்டிலயும் இதுதான்னு அவர் சொல்றார். மத்தவன் மனசுக்குள்ள சொல்றதை உன் மகன் கோயில்ல எழுந்து சொல்லிட்டான்.”

“அப்பா அசையாம இருக்கணும்னு சொல்றீங்க. எங்க ஊட்டுல அவரு செத்துட்டாரே?”

டாக்டரம்மா கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டார். “நான் படிச்ச வரைக்கும் அதுக்கு மருந்து எழுதலை. உன் பாயிண்ட்ஸ்மேன் அந்தப் புஸ்தகம் படிக்காமலே ஏதோ பண்ணியிருக்கார்.” துண்டில் கையைத் துடைத்தார். “ஒண்ணு கேட்கிறேன், கோச்சுக்காதே. அவன் ‘உன்னைத்தான் கட்டிக்குவேன்’னு சொல்லும்போது உனக்கு எப்படி இருக்கும்?”

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. எப்படி இருக்கும்? நிறைந்து போகும். பெரியதம்பி நல்லவன்தான், ஆனால் அவள் முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பிள்ளை பார்த்தான். அந்தப் பார்வையை விட மனசில்லாமல்தான் தினமும் கேட்டிருக்கிறாள். அவன் முந்தானையைப் பிடித்திருந்தான் என்று ஊர் சொல்கிறது; முந்தானையை அவன் கையில் கொடுத்தவள் யார்? தன்னைத் திட்டிக்கொள்ளவும் அவளுக்குத் தோன்றவில்லை. தெரிந்ததே, அதுவே போதும் என்றிருந்தது.

வாரம் முழுக்க மழை. பையன் ராத்திரியில் தனிப்பாயில் படுத்தான். தூங்கினானா என்று தெரியாது. புதன்கிழமை, “விழுப்புரத்துல மழை பெஞ்சா தண்டவாளம் வழுக்குமா?” என்று கேட்டான். வெள்ளிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நெனப்புக்குப் பலம் இல்லை என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியுமா? ஜெபம் என்பதும் ஒரு நெனப்புதானே என்று ஓர் எண்ணம் வந்து, சிலுவை போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்டேஷனில் நின்றார்கள். பாசஞ்சர் வரும் நேரம் கடந்தது. அரைமணி, முக்கால் மணி.

“வண்டி ஏன் வரல, அண்ணாத்தே?” பையன் ஒரு போர்ட்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“மழையில எல்லாம் பேஜாரு. எங்கியோ நிறுத்தி வெச்சுருக்கான். வரும் போடா.”

“எங்கியோன்னா எங்க? யாருக்காச்சும் அடிபட்டுச்சா?”

போர்ட்டர் போய்விட்டார். பையனின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவனை அணைத்துக்கொள்ளக் கை நீட்டியவள், நிறுத்திக்கொண்டாள். தோளில் மட்டும் கையை வைத்தாள். இது அவன் காத்திருக்க வேண்டிய வண்டி.

ஒன்றரை மணி நேரம் கழித்து வண்டி வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து பாக்கியசாமி இறங்கினான். ஒரு கையில் மல்லாட்டைப் பை. இன்னொரு கையின் கட்டைவிரலில் மூட்டைபோலக் கட்டுப் போட்டிருந்தது.

பையன் கட்டுப்போட்ட அந்த விரலையே பார்த்தான். “நான் நெனச்சதாலயா?”

“கிரீஸ் கையோட லிவரைப் புடிச்சேன், வழுக்கி மாட்டிக்கிச்சு. அது என் அறிவு கெட்டத்தனம்டா. அதுலகூடப் பங்கு கேக்கிறியா?”

பையன் விரலால் அவன் வயிற்றைக் குத்திப் பார்த்தான். பிறகு முஷ்டியால் குத்தினான். பிறகு இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்திக்கொண்டே ஓவென்று அழுதான். பாக்கியசாமி நகரவில்லை.

“குத்து, குத்து. மல்லாட்டை கொட்டிடப்போவுது, பாத்து.”

மழையில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அன்று பையன் தானே பலகையை எடுத்துப் போட்டான். அதற்கு நேரெதிரே, வெறுந்தரையில், இரண்டாவது தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் பூசைக்குப் போகும்போதே, வாக்கைத் திருப்பி வாங்கியாயிற்று என்று அந்தோணிமேரி சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். கோயில் வாசலில் பெண்கள் பக்கம் திரும்பினாள். முந்தானை ஒருமுறை இழுபட்டது, பிறகு லேசானது. திரும்பிப் பார்த்தாள். பையன் நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தான், அவளைப் பார்க்காமல். போய்ப் பாக்கியசாமி பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்தான்.

எத்தனையோ முறை கசங்கிய அந்த முந்தானை நுனி அவள் மடியில் கிடந்தது. நெஞ்சில் ஏதோ பிய்ந்துபோனது போல் வலித்தது. வலியோடு வலியாக, யாருக்கு என்று தெரியாமல் நன்றி பெருகியது. எட்டு வயதுக்காரன் புகாரை மையில் எழுத இருந்த சாமியாருக்கு. கேட்கக் கூடாததைக் கேட்ட டாக்டரம்மாவுக்கு. பிள்ளை நினைத்ததைத் தெரியாமலே போய்ச் சேர்ந்த பெரியதம்பிக்கும்கூட. செத்துப்போகச் சொன்ன பிள்ளையின் முன்னால் உயிரோடு வந்து நின்றவனுக்கு.

பெரியநாயகம் சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். “...விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டியது.” வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே நிறுத்தினார். கோயில் முழுக்க ஆண்கள் பக்கம் திரும்பிற்று. வெள்ளையம்மாள் கழுத்தை நீட்டினாள்.

அந்த நிசப்தத்தில் படக்கென்று ஒரு சத்தம். மல்லாட்டை உடைபடும் சத்தம். இருதயராஜ் தொலியை எங்கே போடுவதென்று தெரியாமல் பாக்கியசாமியின் கட்டுப்போட்ட கையில் வைத்துவிட்டு, அடுத்த காயை எடுத்தான். ஓலை அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பாக்கியசாமியின் கழுத்து சிவந்தது. சாமியார் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்; பிறகு அடுத்த ஜெபத்துக்குப் போனார். சிரிப்பு வெளியே வந்துவிடாமல் இருக்க, அந்தோணிமேரி யாரும் பிடிக்காத அந்த முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.