தவரத்தினத்தாரின் குறுக்குவில்

தவரத்தினத்தார் வேட்டைக்குப் போகிறார் என்ற செய்தி, லா ஷப்பலின் தமிழ்க் கடைத்தெருவான ரூ காயில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பரவியது. பரப்பியவர் தவரத்தினத்தாரேதான். சூசைநாதனின் பலசரக்குக் கடையில் வெண்டைக்காய்ப் பெட்டிக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே நின்று, ஒருவரும் கேட்காமலே அறிவித்தார்.

“வாற ஞாயிறு என்னைத் தேடாதையுங்கோ. ஷாஸ்.”

“என்ன சோஸ் அண்ணை, தக்காளியோ?” என்றான் சூசைநாதன்.

“ஷாஸ் அப்பா, ஷாஸ். வேட்டை. துவக்காலை இல்லை, அர்பலேத்தாலை. குறுக்குவில். எங்கடை பேரனார் வில்லோடை வன்னிக் காட்டுக்கை இறங்கினா பன்றி தானா வந்து நிக்குமாம். அது ரத்தத்திலை ஓடுது.”

“உங்கடை பேரனார் தபால் கந்தோரிலை முத்திரை குத்தினவர் எண்டெல்லோ போன மாசம் சொன்னியள்?”

“அது தாய்வழி.”

தவரத்தினத்தாருக்குத் தேவைக்கேற்பத் தாத்தாமார் உண்டு. உத்தியோகமும் அப்படித்தான். ஒப்பெராப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் ‘நிர்வாகம்’ பார்ப்பதாக லா ஷப்பலில் சொல்லி வைத்திருந்தார். அங்கே அவர் நிர்வகித்தவை இரண்டு தொட்டிகள், ஒரு சுடுநீர்க் குழாய், முடிவில்லாத கோப்பைகள். கோப்பை கழுவுகிறவரைப் பிரெஞ்சில் புளோஞ்சர் என்பார்கள். அந்தச் சொல் கடைத்தெருவுக்குள் வந்துவிடாதபடி அவர் இருபத்திரண்டு வருடமாகக் காவல் காத்துவந்தார்.

உண்மையில் அவருக்குப் பன்றி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். மனைவி கௌரி, மகள் கஜனியின் ஆங்கிலப் படிப்புக்கென்று லண்டனுக்குப் போய், 2012ஆம் ஆண்டு நவம்பரோடு ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு உணவகம் பூட்டு. காலை பத்து மணிக்கு அவர் லண்டனுக்கு அழைப்பார். “அப்பா, அம்மா குளிக்கிறா,” என்பாள் கஜனி. ஐந்து வருடமாகக் கௌரி ஞாயிறு பத்து மணிக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இரவு வரைக்கும் அவரும் அறையின் நான்கு சுவர்களும்தான்.

உணவகத்துச் சமையற்காரர் ழாக் ஒவ்வொரு ஞாயிறும் வேட்டைக்குப் போகிறவர். திங்கட்கிழமை அவர் சொல்லும் கதைகளில் பன்றி கொஞ்சம்தான் வரும். காத்திருந்தது, ஒருவரை ஒருவர் தேடியது, மத்தியானம் பன்னிரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டது, இவைதாம் நிறைய வரும். தவரத்தினத்தார் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்பார். ஆனால் துவக்கைத் தொடமாட்டார். ஊரில் பதினாறு வயதிலேயே வேண்டியளவு பார்த்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் லா ஷப்பல் சுவரொன்றில் அந்த விளம்பரம் அகப்பட்டது. ‘அர்பலேத் வேட்டை. ஞாயிறு காலை. புதியவர்கள் வரலாம்.’ கீழ்ப்பாதியைப் பூப்புனித நீராட்டு விழா மண்டபக்காரர் தம் விளம்பரத்தால் மறைத்திருந்தார். தெரிந்த பாதியே போதுமென்று தவரத்தினத்தார் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அழைத்தார்.

மறுமுனையில் பேசியவர் சங்கச் செயலாளர் ஸ்ரனிஸ்லாஸ். பெயர், வயது எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: “மிஸியே, நீங்கள் புளோஞ்சரா?”

தவரத்தினத்தாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேட்டைக்காரருக்கு இது எப்படித் தெரிந்தது? தொலைபேசியில் சவர்க்காரம் மணக்குமா? பொய் சொல்ல வாய் உன்னியது. ஆனால் பிரெஞ்சில் அவசரப் பொய் அவருக்கு வராது.

“ஓம், மிஸியே. இருபத்திரண்டு வருஷம்.”

“இருபத்திரண்டா! மனிஃபிக்! எங்களில் ஒருவருக்கும் அவ்வளவு இல்லை. நீங்கள் வருவது எங்களுக்குப் பெருமை. மையோ கொண்டுவர மறக்காதீர்கள்.”

தவரத்தினத்தார் தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புளோஞ்சர் என்றதும் ஒரு மனிதன் மகிழ்ந்தது இதுவே முதல்முறை. வெள்ளைக்காரன் உழைப்பை மதிக்கிறவன் என்று அன்று முடிவு கட்டினார். மையோ என்றால் பந்தாட்டக்காரர் போடும் மேற்சட்டை. நீல நிறத்தில் ஒன்று வாங்கினார். கூடவே முழங்கால்வரை சப்பாத்து, பச்சைச் சட்டை, காதை மூடும் தொப்பி.

ஞாயிறு காலை ஆர்ஜொந்தெய் ரயில் நிலையத்தில் ஸ்ரனிஸ்லாஸ் காருடன் நின்றார். சப்பாத்தை ஒருமுறை பார்த்தார். நல்ல வளர்ப்பு, கார்க் கதவைத் திறந்துவிட்டார். காடு வருமென்று தவரத்தினத்தார் கண்ணாடி வழியே பார்த்திருக்க, கார் ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றது. உள்ளே போனால் குளோரின் மணம், வெந்நீர் ஆவி, ஒரு பெரிய நீச்சல் தடாகம். கரையில் அரைகுறை உடுப்போடு ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நீளக் குழல். அதில் இறப்பர் பட்டி, நுனியில் அம்பு.

“இவர்தான் நான் சொன்ன மிஸியே தவா! இருபத்திரண்டு வருடப் புளோஞ்சர்!”

எல்லோரும் கை தட்டினார்கள். பச்சைச் சட்டைக்குள் தவரத்தினத்தாருக்கு வேர்த்தது.

ஒரு பெண் ஆவலோடு கேட்டாள்: “அதிகம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறீர்கள்?”

அவர் நேர்மையாக யோசித்தார். “முழங்கை மட்டும்.”

அடக்கமான மனிதர் என்று சிரித்தார்கள்.

“கடலிலா, ஏரியிலா?”

“சட்டியிலை, மதாம்.”

சிரிப்பு மெல்ல ஒவ்வொருவரையாகக் கைவிட்டுப் போயிற்று. ஸ்ரனிஸ்லாஸ் சப்பாத்தை இரண்டாம் முறை பார்த்தார். பிறகு அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். புளோஞ்சர் என்றால் முங்குகிறவர் என்றும் பொருள். அர்பலேத் என்று தண்ணீருக்குள் மீன் குத்தும் கருவியையும் சொல்வார்கள். மையோ என்றால் நீச்சல் உடுப்பு.

“அப்ப பன்றி?”

“தரையில் அர்பலேத்தால் வேட்டையாட இந்த நாட்டில் தடை, மிஸியே. நீந்தத் தெரியுமா?”

“இல்லை.”

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஸ்ரனிஸ்லாஸ் இரவல் உடுப்பொன்று கொடுத்து, இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, அம்பில்லாத குழலொன்றைக் கையில் பிடிப்பித்தார். “முதல் பாடம். தண்ணீருக்கு வெளியே இறப்பரை இழுக்கக் கூடாது. இரண்டாம் பாடம். ஒருவரும் தனியாக முங்கக் கூடாது. ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறெங்கும் பார்க்கக் கூடாது. இன்றைக்கு நான் பார்க்கிறேன்.”

தவரத்தினத்தார் மூச்சை அடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். நீலம்; சத்தம் இல்லை. முதுகின்மேல் ஒரு மனிதனின் கண் இருப்பது தெரிந்தது. மூச்சு முட்டியது. ஆனாலும் எழ மனம் வரவில்லை.

“பதினொரு செக்கன்!” என்றார் ஸ்ரனிஸ்லாஸ், பெரிய சாதனைபோல.

ழாக் சொன்னதுபோல மேசை ஒன்றும் இருக்கவில்லை. பன்னிரண்டு மணியானதும் ஆளுக்காள் கன்னத்தில் முத்தம் கொடுத்து, தத்தம் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுச் சொன்னார்: “இங்கே எல்லோருக்கும் சோடி இருக்கிறது. சின்னத் தடாகத்தில் பழக, நீந்தத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சோடி இல்லாமல் இறக்க எனக்கு அனுமதி இல்லை.”

ரயில் சேன்-லசார் நிலையத்துக்கு வரும்வரை தவரத்தினத்தார் தமக்குத் தெரிந்தவர்களை விரல்விட்டுப் பார்த்தார். ஒரு கை போதுமாயிருந்தது. அதிலும் நீந்தத் தெரிந்த விரல் ஒன்றுதான்.

“வாங்கோ அண்ணை, பன்றி எங்கை?” என்று சூசைநாதன் கடைக்குள்ளிருந்து கத்தினான். “கண்ணென்ன சிவந்து கிடக்கு? பன்றி அழ வைச்சிட்டுதோ?”

பன்றி தப்பியது, மழை, மூடுபனி என்று மூன்று கதைகள் தயாராக இருந்தன. எந்தக் கதையைச் சொன்னாலும் சோடி கேட்க முடியாது. தவரத்தினத்தார் தடாகத்தைச் சொன்னார். பிறகு, குரலைத் தாழ்த்தி, புளோஞ்சரையும் சொன்னார்.

சூசைநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “முழங்கை மட்டுமோ! ஐயோ அண்ணை!” கண்ணைத் துடைத்தான். “நீங்கள் புளோஞ்சர் எண்டு ரூ காய் முழுக்கத் தெரியுமே. உங்கடை கை எப்பவும் ஊறின கடலை மாதிரியெல்லோ. நிர்வாகம் பாக்கிற கையே அது?”

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் நிர்வாகத்தைப் பற்றிக் கேட்டனீ?”

“நீங்கள் ஆசையாச் சொல்லுவியள். அதைக் கெடுப்பானேன்.”

தவரத்தினத்தார் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டார். “சூசை, நீ பாசையூரான். நீந்துவாய்தானே?”

“கடலுக்கை பிறந்தனான் அண்ணை.”

“ஞாயிறு காலமை ஒரு ரெண்டு மணித்தியாலம். நீ இறங்கத் தேவையில்லை. நான் தண்ணிக்குள்ளை இருக்கேக்கை பாத்துக்கொண்டு நிண்டாக் காணும்.”

சூசைநாதனின் சிரிப்பு நின்றது. கல்லாப்பெட்டியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். “ஞாயிறெண்டா கடையிலை சனம், அண்ணை. பிறகு பூசை…” தலையைச் சொறிந்தான். “பாப்பம்.”

பாப்பம் என்பது ஓமா இல்லையா என்று நம்மவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டார்கள். தவரத்தினத்தார் கேட்பதென்று வாயைத் திறந்தார். அதற்குள் முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு பெண் வந்துவிட்டாள். சூசைநாதன் தராசுப் பக்கம் திரும்பினான். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு குடும்பம்.

தவரத்தினத்தார் வழிவிட்டு, கூட்டம் குறைந்ததும் கேட்கலாமென்று அரிசி மூட்டையோரம் ஒதுங்கி நின்றார். மணி இன்னும் இரண்டாகவில்லை. அவருக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.