கைமடிப்பில் மிஞ்சிய பச்சை

"உன் ஸ்வெட்டர் என் கொலைகாரியைக் காட்டிக் கொடுத்துடுச்சு, ரோஸ்."

டெஸ்மண்ட் கதவைத் தட்டவில்லை. மடிக்கணினியை வெட்டுமேசைமேல், பாதி வெட்டிய துணியின் மீதே வைத்தான். ரோஸ்லின் டான்சுக் அந்தத் துணியை மெல்ல உருவிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

'உலைத்தெரு' தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்த படங்களை யாரோ வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண், ஒரே கம்பளி ஸ்வெட்டர். முதல் வாரப் படத்தில் அது ஏரித் தண்ணீரின் நீலம். அடுத்ததில் நீலத்துக்குள் ஏதோ கலங்கியிருந்தது. போன வாரப் படத்தில் நல்ல பாசிப் பச்சை. கீழே சாஸ்கடூன் நகரில் இருக்கும் ஒரு நேயர் எழுதியிருந்தார்: "முகத்தைப் பார்க்காதீர்கள், ஸ்வெட்டரைப் பாருங்கள். ஒப்பந்தக்காரனைக் கொன்றது ஐரீன்தான்." அதற்குக் கீழே ஊரே கூடிப் பேசிக்கொண்டிருந்தது.

ரோஸுக்கு முதலில் வந்தது பெருமைதான். அது முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

தொடரின் ஆடைகள் முழுக்க அவள் பொறுப்பு. கனடாவின் ஹாமில்டன் துறைமுகத்தை ஒட்டிய பழைய கம்பித் தொழிற்சாலையில்தான் படப்பிடிப்பு. பெயின்ட் கிடங்காக இருந்த இடம் அவளுடைய சாயஅறை. தொடர் தொடங்கும் முன்பே அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். போலீஸ் நிலையத்தின் ஆவண அறைக்காரி ஐரீன், யாரும் சந்தேகப்படாத பெண். கடைசியில் கொலைகாரி அவள்தான் என்று தெரியும்போது பார்க்கிறவர்களுக்கு அதிர்ச்சி இருக்க வேண்டும். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வரக்கூடாது. அடடா, நமக்கு உள்ளூரத் தெரிந்ததுதானே என்று தோன்ற வேண்டும். வசனம் அதைச் செய்தால் காது பிடித்துவிடும். நிறம் மெதுவாக மாறினால் கண் கண்டுகொள்ளாது, மனம் மட்டும் குறித்துக்கொள்ளும்.

அதற்கு அவள் செய்த வேலை எளிமையானது. தேவாலயத்து அடித்தளத்தில் நடந்த பழந்துணி விற்பனையில் யாரோ கையால் பின்னிய நீல ஸ்வெட்டர் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அதை வெந்நீரில் நனைத்து, சொட்டு வினிகரும் துளி மஞ்சள் சாயமும் விட்டு எடுப்பாள். நீலத்தின்மேல் மஞ்சள் ஏறினால் பச்சை. ஐரீன் ஒரு பொய் சொன்னால் கொஞ்சம் மஞ்சள், ஒரு தடயத்தை மறைத்தால் இன்னும் கொஞ்சம்.

இதில் தொழிலின் முதல் விதியை அவள் மீறியிருந்தாள். திரைக்கு உடுத்தும் எதற்கும் இரட்டை இருக்க வேண்டும். காபி கொட்டும், பொத்தான் அறும். கைப்பின்னலுக்கு இரட்டை ஏது? ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் இப்போது பச்சை.

"சேனல்காரங்க ராத்திரியெல்லாம் போன்," என்றான் டெஸ்மண்ட். தொடரின் தலைமை எழுத்தாளன் அவன். "ஊருக்கே தெரிஞ்ச கொலைகாரியை வச்சு நான் என்ன பண்ண? மாத்திட்டேன். அவ மகன் டோபிதான் கொன்னவன். ஐரீனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"இத்தனை வாரமா அவளைப் பச்சையில முக்கி எடுத்திருக்கேன், டெஸ்!"

"நல்லதாப் போச்சு. எல்லாரையும் திசைதிருப்பினதா இருக்கட்டும்."

"அப்ப என் நிறம் பொய் சொன்னதா ஆகும்."

"அம்மா தாயே, அது துணி. உயில் சாசனம் இல்ல. திங்கக்கிழமை விசாரணை அறைக் காட்சி. அவ நிரபராதின்னு பார்த்த உடனே தெரியணும். முதல் வாரத்து நீலத்துல கொண்டா."

"அந்த நீலம் இப்ப எங்கேயும் இல்ல."

"கடையில நீல ஸ்வெட்டர் விக்காமலா போயிட்டான்?"

"சாஸ்கடூன்காரர் பொத்தானைக்கூட எண்ணியிருக்காரு. வேற ஸ்வெட்டர்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு."

டெஸ்மண்ட் வெட்டுமேசைப் பக்கம் திரும்பினான். கணினியை மூடிக்கொண்டு, "நீலம், ரோஸ். எப்படியோ," என்று போய்விட்டான்.

அவளுக்குக் கோபம் அவன்மேல் முழுதாகத் திரும்பவில்லை. ஒருவர் கண்டுபிடிக்கும் அளவுக்கு வெளிப்படையாகச் செய்தது அவள்தானே? ஆனால் கண்டுபிடித்தவர் சரியாகத்தான் படித்திருந்தார். இப்போது அந்த ஆளை முட்டாளாக்கப் போகிறார்கள். அடுத்த தொடரில் அவள் எந்த நிறத்தை வைத்தாலும் இனி யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை மதியம் ஐரீனாக நடிக்கும் தெல்மா ரூர்க் சாயஅறைக்கு வந்தார். எழுபதை நெருங்கும் தெல்மா கையில் வெண்ணெய்ப் பலகாரப் பொட்டலம்.

"என்ன கண்ணு, என்னைய நல்லவளாக்கிட்டானாமே? எனக்குத்தான் யாரும் சொல்லலை. கொலைகாரின்னு நெனச்சு ஒவ்வொரு வாரமும் கையை நடுங்க வச்சேன். இப்ப எதுக்கு நடுங்குச்சுன்னு சொல்றது? வாதமா?"

"சிரிக்காதீங்க தெல்மா. இதோட சாயத்தைக் கரைச்சுப் பார்க்கப் போறேன்."

"நீலம் வந்துருமா?"

"வராது." எரிச்சலில் இருந்தாலும் விளக்கத் தொடங்கினால் ரோஸின் குரலில் உற்சாகம் வந்துவிடும். "சாயத்தைப் போக்கற மருந்துக்கு எது நீலம், எது மஞ்சள்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. மேல ஏறினதை மட்டும் எடுன்னு சொன்னாலும் கேக்காது. ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்கும். அதுக்கு மேல என்ன நிறம் வரும்னு கம்பளிக்குத்தான் வெளிச்சம். சூடு ஏறினா உசிரு போயிடும், கலக்கினா சுருங்கிடும். சும்மா அமுக்கி வச்சுக் காத்திருக்கணும்."

"பிள்ளை வளர்க்கிற மாதிரின்னு சொல்லு."

தொட்டியில் ஸ்வெட்டர் மூழ்கியது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையானது. தெல்மா முக்காலியில் உட்கார்ந்து பலகாரத்தைப் பிட்டுக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார்.

"இவ்வளவும் நான் சொன்ன பொய்யா?"

"எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. பூட்ஸ் கழுவினீங்களே, அதுக்குத்தான் நெறைய ஊத்தினேன்."

"ஆமா. சமையலறைத் தொட்டியில. சேறு படிஞ்ச பூட்ஸ்." தெல்மா மெல்லுவதை நிறுத்தினார். "ரோஸ், அது யாரு பூட்ஸ்?"

"உங்களோடதுதான். ஐரீனோடது."

"அப்படித்தான் நெனச்சு கழுவினேன். ஆனா கேமரா எனக்குப் பின்னாடில்ல இருந்துச்சு? பூட்ஸைக் காட்டவே இல்லையே. அது டோபியோடதா இருந்தா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரோஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமாக நினைவில் பின்னோக்கிப் போனாள். ஐரீன் ஆவண அறையில் ஒரு கோப்பை இடம் மாற்றி வைத்தது: டோபியின் பழைய வழக்கு இருந்த அலமாரி. கொலை நடந்த இரவு அவன் வீட்டில்தான் இருந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம், அவள் கேட்காமலே சொன்னது. ஒரு காட்சிகூட இடறவில்லை. கொன்றவள் செய்வதும் கொன்றவனைப் பெற்றவள் செய்வதும் ஒன்றாகவே இருந்தன.

"அப்ப பச்சை பொய் சொல்லலை," என்றாள் ரோஸ். "நான்தான் அதைத் தப்பாப் படிச்சிருக்கேன். அவ கொன்னாங்கிறது இல்ல அது. அவளுக்குத் தெரியும்."

"முதல் வாரத்துலேருந்தே தெரியும்," என்றார் தெல்மா. "பாவி, அதான் கை நடுங்கியிருக்கு." உடனே அவர் முகம் சுருங்கியது. "ஆனா திங்கக்கிழமை நான் பேச வேண்டிய வசனம் என்ன தெரியுமா? 'எனக்கு ஒண்ணுமே தெரியாது, சத்தியமாத் தெரியாது.' அதை உண்மையாச் சொல்லணுமாம். டெஸ்மண்டு கையால எழுதியே அனுப்பியிருக்கான்."

ரோஸ் ஸ்வெட்டரை மெல்லத் தூக்கி, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கினாள். பிரித்தபோது அது நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. நெடுநாள் கழுவிய சாக்குப் பையின் நிறம். கம்பளி கொஞ்சம் தளர்ந்து, தோள் இறங்கியிருந்தது. இரண்டு கைகளின் மணிக்கட்டு ஓரத்திலும், பின்னலை மடித்து நெருக்கித் தைத்திருந்த இடத்தில், மருந்து உள்ளே போகவில்லை. அங்கே மட்டும் ஒரு கோடு பச்சை மிஞ்சியிருந்தது.

அதை அவள் மறுபடி முக்கியிருக்கலாம். மேலே பழுப்பு நூல் போட்டு மறைத்திருக்கலாம். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உலர்த்தத் தட்டையாக விரித்தாள்.

திங்கட்கிழமை டெஸ்மண்ட் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவன் நெற்றி சுருங்கியது.

"இது நீலமா?"

"பச்சை வேண்டாம்னு சொன்னே. பச்சை இல்ல."

"கஞ்சி நிறத்துல இருக்கு."

"ஆரம்பிச்ச இடத்துக்கு யாரும் திரும்பிப் போறதில்ல, டெஸ். ஒரு டேக் எடுத்துப் பாரு. பிடிக்கலைன்னா நானே கடைக்குப் போறேன்."

விசாரணை அறையில் வெள்ளை வெளிச்சம். மேசைக்கு இந்தப்பக்கம் தெல்மா, எதிரே துப்பறிவாளராக நடிக்கும் இளைஞன். அவன் டோபியின் வாக்குமூலத்தை வாசித்து முடித்தான். "உங்களுக்கு எதுவும் தெரியாதா, ஐரீன்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது," என்றார் தெல்மா.

அழவில்லை. குரல் எழுதியபடியே வந்தது. ஆனால் சொல்லும்போதே அவர் வலது கை மேசைமேல் நகர்ந்து, இடது மணிக்கட்டில் தெரிந்த அந்தப் பச்சைக் கோட்டை உள்ளே மடித்துவிட்டது. பிறகு இடது கை வலது கைக்கு அதையே செய்தது. குளிரில் கையை இழுத்துக்கொள்ளும் எந்தக் கிழவியும் செய்வதுதான். "சத்தியமாத் தெரியாது" என்ற வசனத்துக்கு அவர் வாய் திறந்தது. சொல் வரவில்லை. மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ரோஸ் மானிட்டரைப் பார்க்கவில்லை. டெஸ்மண்டின் பின்கழுத்தைப் பார்த்தாள். அவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தான்.

"தெரியும்," என்றான் மெதுவாக. "இவளுக்குத் தெரியும்! அந்த பூட்ஸ்... அடப்பாவிங்களா, நான்தானே எழுதினேன் அந்த பூட்ஸை?"

"நீதான்."

"சத்தியத்தை எடுத்துடு," என்று உதவி எழுத்தாளரிடம் சொன்னான். "ரெண்டாவது வரி வேண்டாம். கை போதும்." ரோஸ் பக்கம் திரும்பினான். "சாஸ்கடூன்காரன் இதையும் பிடிச்சிருவான்."

"பிடிக்கட்டும். அவர் பாதிதான் தப்பாச் சொன்னாரு. நானும்தான்."

அவன் சிரிக்கப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் உயர்த்தினான். அடுத்த கோணத்துக்கு விளக்குகளை நகர்த்தத் தொடங்கினார்கள். காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்கும் பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"தெல்மா, எந்தக் கையை முதல்ல மடிச்சீங்க?"

"நான் எங்க பார்த்தேன்? ஐரீனைக் கேளு."

"இடது," என்றாள் ரோஸ். அவள் தெல்மாவின் முன் குனிந்து, மடிந்திருந்த இரண்டு கைகளையும் பிரித்து, பச்சைக் கோடு கேமராவுக்குத் தெரியும்படி மறுபடி வெளியே எடுத்துவிட்டாள்.