தகரத்துக்கு வெளியே

பொங்கல் கால்பந்துக் கோப்பையில் மூங்கில்துறைப்பட்டு டீம் ஆடுகிற நாளில் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காது. வெட்டுக்காரர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், மில்லில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கள்ளக்குறிச்சிக்குப் போய்விடுவார்கள். போன வருஷம் வரைக்கும் இருபது ரூபாய் கொடுத்தால் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். இந்த வருஷம் போட்டியை வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்தார். மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். நின்று பார்க்க முந்நூறு, நாற்காலிக்கு ஆயிரம் என்று போர்டு வைத்தார்கள்.

சேதி வந்த அன்று மில் ரோட்டு டீக்கடையில் கூட்டம் கூடியது. கரும்பு டிராக்டர் ஓட்டும் அன்புச்செல்வன்தான் பேசினான்.

"ஒருத்தனும் உள்ள போவக் கூடாது. இன்னிக்கு முந்நூறு குடுத்தா நாளைக்கு ஐநூறு கேப்பான். நாம வெளிய நின்னு மேளம் அடிப்போம். உள்ள காலியா கெடந்தாதான் அவனுக்குப் புத்தி வரும். சம்மதம்னா கைய தூக்குங்க."

முதலில் தூக்கியது வீரமுத்துவின் கை. கரும்பு வெட்டுக் கூட்டத்துக்கு மேஸ்திரி அவர். வருஷா வருஷம் கயிற்றோரம் நின்று அவர் கத்துகிற கத்தலில் எதிர் டீம் கோலி பந்தை விட்டுவிடுவான் என்று ஊரில் சொல்லுவார்கள். இப்போது ஆள் பாதியாக இளைத்திருந்தார். வயிற்றில் புண், கஞ்சிதான் இறங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் தெரிந்தது அவர் மனைவி செந்தமிழ்ச்செல்விக்கு மட்டும்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரில் கல்வராயன் மலையிலிருந்து வெள்ளிமலை டீம். அன்று சாயங்காலம் செந்தமிழ்ச்செல்வி மில் வாசலுக்குப் போனாள். எடை போட டிராக்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. அன்புச்செல்வனின் வண்டியைக் கண்டுபிடித்துச் சக்கரத்தோரம் போய் நின்றாள்.

"தம்பி, ஃபைனலுக்கு அவர மட்டும் உள்ள போவ வுடுங்க."

"இன்னா அண்ணி இப்படிச் சொல்றீங்க? மொதல்ல கை தூக்குனதே அண்ணன்தான். அவரே போனா மத்தவன நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிறுத்துறது?"

"அடுத்த பொங்கல் அவருக்கு இல்ல தம்பி."

அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் இன்ஜினை நிறுத்தினான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. புண்ணுதான், ஆறிடும்னு சொல்லிக்கினு இருக்கேன். நீங்களும் யார்கிட்டயும் வாயத் தொறந்துடாதீங்க."

முன்னால் நின்ற டிராக்டர் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "பாக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். களை எடுத்த கூலியைக் கொண்டுபோய் டிக்கெட் விற்கிற செல்போன் கடையில் கொடுத்து ஒன்று வாங்கினாள்.

ஃபைனல் அன்று மூன்று குட்டியானை வண்டிகளில் ஊரே கிளம்பியது. வீரமுத்து ஒரு வண்டியில் சாக்கு விரித்து உட்கார்ந்து வந்தார், பக்கத்தில் செந்தமிழ்ச்செல்வி. மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் தகர வேலிக்கு வெளியே ஏற்கெனவே ஒரு கூட்டம். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த வெள்ளிமலைக்காரர்கள். டிக்கெட் இப்படி ஏறியது அவர்களுக்குத் தெரியாது. கையில் இருந்த காசு திரும்பிப் போகிற ஜீப்புக்குத்தான் போதும். உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாதவர்கள். கடைக்காரர்கள், ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள், கூலிங்கிளாஸ் போட்ட காலேஜ் பையன்கள்.

செந்தமிழ்ச்செல்வி புருஷன் கையில் டிக்கெட்டை வைத்தாள்.

"ஏது?"

"வாங்கினேன். போய்ப் பாத்துட்டு வாங்க. அன்புகிட்ட சொல்லிட்டேன்."

வீரமுத்து டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை முகத்தில் தெரிந்தது. மெல்ல இறங்கிப் போய் வரிசையில் நின்றார். முன்னால் ஏழெட்டுப் பேர்தான்.

மேளக்காரப் பையன்களில் பகலவன்தான் முதலில் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வீரமுத்து மேல் மரியாதை வைத்திருந்தவன், அதனால்தான் கோபமும் ஜாஸ்தியாக வந்தது.

"கருங்காலி!" என்று கத்தினான். "எங்கள வெயில்ல வுட்டுட்டு நீ உள்ள போறியா?"

இன்னும் நாலு பேர் ஊளையிட்டார்கள். வீரமுத்து திரும்பினார். பகலவனைப் பார்க்கவில்லை, அன்புச்செல்வனைப் பார்த்தார். 'நீங்க போங்கண்ணா' என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல அன்புச்செல்வன் வாயைத் திறந்தான். சுற்றிலும் அத்தனை முகங்கள் அவனையே பார்த்தன. அவன் குனிந்து மேளத்தின் வாரை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான்.

வீரமுத்து வரிசையை விட்டு விலகினார்.

கேட்டில் ஒரு மலைக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். வேடியப்பன் என்று பேர். அவர் மகன் வெள்ளிமலை டீமில் ஆடுகிறான்.

"எம்புள்ள ஆடுறான் சார். ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"புள்ள ஆடுனா டிக்கெட் வாணாமா? நவுரு நவுரு."

வீரமுத்து அவர் தோளைத் தொட்டு டிக்கெட்டை நீட்டினார். "இந்தாங்க. உள்ள போங்க."

வேடியப்பன் டிக்கெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினார். வண்டிக்குத் திரும்பி வந்த வீரமுத்துவிடம் செந்தமிழ்ச்செல்வி அடக்க முடியாமல் கேட்டாள்.

"நான் யாருக்கு வாங்கினேன்? எதிர் டீம்காரனுக்கா வாங்கினேன்?"

"புள்ளையப் பாக்க வந்திருக்காருடி. வுடு. நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. வெளியே மேளம் அடித்தார்கள். உள்ளே பெரிய கூச்சல் எழும்போதெல்லாம் யார் கோல் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டினார்கள். வீரமுத்து ஒரு தடவை பழைய மாதிரி கத்திப் பார்த்தார். இருமல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முடிந்ததும் வேடியப்பன் நேராக அவரிடம்தான் வந்தார்.

"நாங்க ஜெயிச்சிட்டோம்ங்க."

"யாரு கோல் போட்டது? எப்படி வுழுந்துது?"

"அது தெரியலீங்க. எம்புள்ள ஒருக்கா வுழுந்துட்டான். எழுந்து மண்ணத் தட்டிக்கினான். தண்ணி குடிச்சான். அப்புறம் இந்தப் பக்கமா ஓடுனான், அந்தப் பக்கமா ஓடுனான். நான் அவனத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

வீரமுத்து சிரித்தார். வலியில் கண் கலங்கக் கலங்கச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து செந்தமிழ்ச்செல்வி பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பிறகு மூங்கில்துறைப்பட்டு கோலி ஜீவா வந்தான். முழங்கை உரிந்து ரத்தம்.

"உள்ள எங்க பேரச் சொல்லிக் கத்த ஒரு ஆளு இல்ல" என்றான்.

"உங்களுக்காகத்தான்டா வெளிய நின்னோம்" என்றான் அன்புச்செல்வன். "மேளம் கேக்கல?"

"ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கினே இருந்தானுங்க. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

மேளத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சித்திரையில் வீரமுத்து செத்துப்போனார். பாடைக்கு முன்னால் பகலவன்தான் மேளம் அடித்தான். அப்போது அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்புச்செல்வன் தோள் கொடுத்தான்.

அடுத்த பொங்கலுக்கு நிற்கிற டிக்கெட் முந்நூற்றைம்பது. டீக்கடையில் யாரும் கூட்டம் போடவில்லை. பையன்கள் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு அன்புச்செல்வன் போகவில்லை. அன்று ஏரிக்கரைக் கரும்புக் கொல்லையில் லோடு ஏற்றினான். வெட்டுக் கூட்டத்தில் பாதி ஆள் வரவில்லை. செந்தமிழ்ச்செல்வி வந்திருந்தாள். புருஷன் போன பிறகு அவளும் வெட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவனோடு மட்டும் பேச்சு கிடையாது.

அவள் கரும்புக் கட்டைத் தூக்கிக் கொடுக்க, வண்டி மேலே நின்று வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"அண்ணி, அன்னிக்கு நான் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

அவள் கையில் குத்தியிருந்த கரும்புச் சுணையைப் பல்லால் பிடுங்கித் துப்பினாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள். "சொல்லல. அதுக்காக ஒங்கள நான் மன்னிக்கப் போறதில்ல."

அவன் தலையசைத்தான்.

"நாள் கம்மின்னு நான் அவர்கிட்ட சொல்லியிருந்தா யாரு கத்துனாலும் உள்ள போயிருப்பாரு. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்னாரு. அப்பக்கூட நான் சொல்லல. என்னை எவன் மன்னிக்கறது?"

"அண்ணி…"

"பேசாதீங்க. இன்னும் ரெண்டு சாலு கரும்பு கெடக்குது. இருட்டறதுக்குள்ள ஏத்தணும்."

அவள் அடுத்த கட்டைத் தூக்கினாள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.